ஒரே கம்பி, நாலு கடை: மின்சாரத்தில் 'போட்டி' வந்தால் யாருக்கு லாபம்?



2025 அக்டோபர் 9 அன்று ஒன்றிய மின்துறை அமைச்சகம் மின்சாரத் திருத்த மசோதாவின் வரைவை வெளியிட்டது. மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் கொடுத்தது. இதைப் பற்றி சோஷியல் மீடியாவில் ஓடும் பேச்சு இதுதான்: "இனி சிம் மாத்துற மாதிரி கரண்ட் கம்பெனியையும் மாத்தலாம். போட்டி வந்தா விலை குறையும். உங்க ஆளுங்க ஏன் எதிர்க்கிறாங்க?"

நியாயமான கேள்வி. திட்டிவிட்டுப் போகாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள். நாளைக்கு டீக்கடையிலும் குடும்ப வாட்ஸப் குரூப்பிலும் இதே கேள்வி வரும்போது கையில் பதில் இருக்க வேண்டும்.

முதலில் வரைவில் என்ன இருக்கிறது?

ஒன்று: ஒரே பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட விநியோக நிறுவனங்கள் இருக்கலாம். இது 2003 மின்சாரச் சட்டத்திலேயே உண்டு. ஆனால் அந்தச் சட்டப்படி இரண்டாவதாக வருகிறவர் தன் சொந்தக் கம்பத்தை நட்டு, சொந்தக் கம்பியை இழுத்துக் கொடுக்க வேண்டும். புதிய வரைவின்படி அந்தச் செலவு வேண்டாம். ஏற்கனவே இருக்கும் கம்பியையே, அதாவது நம் மின்வாரியத்தின் கம்பியையே, கட்டணம் கட்டிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இரண்டு: தொழிற்சாலைகள், ரயில்வே, மெட்ரோ ஆகியவை இப்போது கொஞ்சம் கூடுதல் கட்டணம் கட்டுகின்றன. அந்தக் கூடுதல்தான் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் விலையைக் குறைத்து வைக்கிறது. இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். இந்தப் பெரிய நுகர்வோரிடம் இருந்து வரும் குறுக்கு மானியத்தை ஐந்தாண்டுக்குள் முழுதாக ஒழிக்க வேண்டும் என்கிறது வரைவு.

மூன்று: ஒரு மெகாவாட்டுக்கு மேல் பயன்படுத்தும் பெரிய நுகர்வோருக்கு 'கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்' என்ற கட்டாயத்தில் இருந்து விநியோக நிறுவனத்துக்கு விலக்கு அளிக்கலாம்.

நான்கு: கட்டணம் முழுச் செலவையும் பிரதிபலிக்க வேண்டும். மாநில அரசு மானியம் கொடுக்க விரும்பினால் தன் கஜானாவில் இருந்து கொடுத்துக்கொள்ளலாம்.

கவனிங்க, 'விவசாயிகளின் இலவச மின்சாரத்தை ரத்து செய்கிறோம்' என்று வரைவில் ஒரு வரிகூட இல்லை. அப்படி ஒரு வரி இருப்பதாக யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் அதைப் பகிராதீர்கள். பொய்யை வைத்து நாம் வாதாட வேண்டிய அவசியமே இல்லை. இருக்கிற நாலு விஷயத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலே போதும்.

திருக்கடையூரை எடுத்துக்கொள்வோம்

அமிர்தகடேஸ்வரர் கோயிலில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்காத நாள் அபூர்வம். அதனால் ஊரில் லாட்ஜ் உண்டு, மண்டபம் உண்டு, ஏசி அறைகள் உண்டு, ஹோட்டல்கள் உண்டு. இவர்கள் எல்லாம் வணிகக் கட்டணம் கட்டுகிறவர்கள். மாதாமாதம் நல்ல யூனிட் ஓடும், பில்லும் ஒழுங்காக வரும்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் வயல். நடுவில் ஒரு மோட்டார் கொட்டகை. காவிரியின் கடைமடை இது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் இங்கே வந்து சேர நாள் ஆகும். அதுவரை குறுவை நாற்றங்காலைக் காப்பாற்றுவது அந்த போர்தான். டெல்டாவில் கரண்ட் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் கரண்ட். மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் எதுவாக இருந்தாலும் அது இங்கே தண்ணீரை ஒழுங்குபடுத்தும் சட்டமும்தான்.

இன்னும் கிழக்கே போனால் சின்னங்குடி மாதிரியான மீனவக் கிராமங்கள். சின்னச் சின்ன வீடுகள். பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள்ளோ, கொஞ்சம் மேலேயோ முடிந்துவிடும். உப்புக்காற்றில் கம்பியும் இன்சுலேட்டரும் சீக்கிரம் கெடும், பராமரிப்புச் செலவு அதிகம்.

இப்போது நீங்கள் லாபத்துக்குத் தொழில் செய்யும் ஒரு விநியோகக் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று பேரில் யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவீர்கள்?

லாட்ஜைத்தான். சட்டப்படி சின்னங்குடிக்காரர் விண்ணப்பித்தால் மறுக்க முடியாதுதான். ஆனால் அவரைத் தேடிப் போய் ஆஃபர் கொடுப்பது யார்? ஒருவரும் போக மாட்டார்கள். அவரும் அந்தப் போர் செட்டும் கடைசி வரை மின்வாரியத்தின் வாடிக்கையாளராகவே இருப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

எண்கள் உதாரணத்துக்குத்தான், உண்மைக் கட்டணம் இல்லை. ஆனால் கணக்கு நடக்கும் விதம் இதுதான்.

மின்வாரியம் 100 யூனிட் விற்கிறது. கம்பம், கம்பி, ஊழியர் சம்பளம், ஏற்கனவே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களின் நிலையான செலவு எல்லாம் சேர்த்து 300 ரூபாய். யூனிட் விற்றாலும் விற்காவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. அதற்கு மேல் யூனிட்டுக்கு 4 ரூபாய் வீதம் 400. மொத்தம் 700.

40 யூனிட்டை ஆலைக்கும் கடைக்கும் 9 ரூபாய்க்கு விற்கிறது: 360. மீதி 60 யூனிட் வீட்டுக்கும் வயலுக்கும் போகிறது, அதில் இருந்து 340 வர வேண்டும். வந்தால் கணக்கு நேர்.

இப்போது புது கம்பெனி வந்து அந்த 40-ல் 20 யூனிட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. வாரியத்தின் செலவு 300 கூட்டல் 80 யூனிட்டுக்கு 320, ஆக 620. வரவு? ஆலைகளிடம் 180, மற்றவர்களிடம் 340, ஆக 520. நூறு ரூபாய் துண்டு விழுகிறது. கம்பி வாடகையாகப் புது கம்பெனி யூனிட்டுக்கு 2 ரூபாய் வீதம் 40 கொடுத்தாலும் 60 ரூபாய் பள்ளம் அப்படியே இருக்கிறது.

அந்த 60 ரூபாயை யார் கட்டுவார்கள்? மீதம் இருக்கும் 60 யூனிட்காரர்கள். யூனிட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதல். அவர்கள் ஒரு பல்பு கூட அதிகமாக எரிக்கவில்லை. பக்கத்து லாட்ஜ் கம்பெனி மாறியதற்கு இவர்கள் அபராதம் கட்டுகிறார்கள்.

"அதை மாநில அரசு மானியமாகக் கொடுக்கட்டுமே" என்கிறது வரைவு. சரி, 2003 சட்டத்தின் 65-வது பிரிவின்படி மாநில அரசு இன்றைக்கும் அப்படித்தான் கொடுக்கிறது. 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள், வீடுகளுக்கு 100 யூனிட், கைத்தறி, விசைத்தறி எல்லாவற்றுக்கும் தமிழ்நாடு அரசு மின்வாரியத்துக்குப் பணம் கட்டுகிறது. குறுக்கு மானியம் போனால் அந்தத் தொகை பல மடங்கு வீங்கும். வரி வசூலிக்கும் அதிகாரத்தை ஜி.எஸ்.டி. மூலம் டெல்லி எடுத்துக்கொள்ளும். செலவை மட்டும் சென்னை தலையில் கட்டும். இலவச மின்சாரத்தை யாரும் ரத்து செய்ய மாட்டார்கள்தான். கொடுக்க முடியாத நிலைக்கு மாநிலத்தைத் தள்ளிவிட்டு, "நாங்களா நிறுத்தினோம்?" என்று கையை விரிப்பார்கள்.

சிம் கார்டு கதை இங்கே செல்லாது

நான் படித்தது இ.இ.இ. அதனால் இந்த உதாரணத்தைக் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் கோபம் வரும்.

செல்போன் கம்பெனிகள் ஆளுக்கொரு டவர் போட்டன, ஆளுக்கொரு அலைக்கற்றை வாங்கின. அதனால் ஒரு கம்பெனியின் சிக்னல் மோசம் என்றால் இன்னொன்றுக்கு மாறினால் சிக்னல் மாறும். மின்சாரத்தில் அப்படி இல்லை. அதே டிரான்ஸ்பார்மர், அதே கம்பி, அதே லோ வோல்டேஜ். நீங்கள் எந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டினாலும் உங்கள் வீட்டு ஃபேனைச் சுற்றுவது அதே கரண்ட்தான். மாறுவது பில்லின் தலைப்பில் இருக்கும் பெயர் மட்டும். மின் விநியோகத்தில் பெரும்செலவு மின்சாரத்தை வாங்குவதுதான். அந்த ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்டவை. பில் போடுகிறவரை மாற்றினால் அந்தச் செலவு குறையாது.

அப்படியே சிம் கார்டு கதையையே எடுத்தாலும் முழுக்கதையையும் சொல்லணும் இல்லையா? நம் தமிழ்நாட்டில் ஏர்செல் என்று ஒன்று இருந்தது. 2018 பிப்ரவரியில் திடீரென்று சிக்னல் போய், லட்சக்கணக்கானவர்கள் நம்பரைக் காப்பாற்றக் கடை கடையாக அலைந்தார்கள். போட்டியின் தொடக்கத்தில் விலை விழுந்தது உண்மை. சின்ன கம்பெனிகள் செத்துப் போய் இரண்டு பெரிய கம்பெனிகள் ஆதிக்கம் வந்தபின், 2024 ஜூலையில் ஒரே வாரத்தில் வரிசையாக ரீசார்ஜ் விலை ஏறியது. போன் ஒரு நாள் செத்தால் சமாளிக்கலாம். நாற்று நட்ட வயலில் மோட்டார் ஒரு வாரம் நின்றால்?

பிரிட்டனில் நடந்ததும் இதேதான். அங்கே ஒரே கம்பியில் பல சில்லறைக் கம்பெனிகள் மின்சாரமும் எரிவாயுவும் விற்றன. உலகத்துக்கே முன்மாதிரி என்றார்கள். 2021-ல் எரிவாயு விலை ஏறியதும் கிட்டத்தட்ட முப்பது கம்பெனிகள் வரிசையாக மூழ்கின. பல்ப் என்ற பெரிய கம்பெனியை அரசே பணம் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டி வந்தது. மூழ்கிய கம்பெனிகள் விட்டுப்போன நட்டம் கடைசியில் எல்லா மக்களின் பில்லிலும் ஏற்றப்பட்டது. லாபம் வந்த வரை கம்பெனிக்கு, நட்டம் வந்தபின் ஊருக்கு.

நம் நாட்டுக்குள்ளேயே மும்பை இருக்கிறது. புறநகர் மும்பையில் டாடாவும் ரிலையன்ஸும் (2018 முதல் அதானி) ஒரே பகுதிக்கு உரிமம் வைத்திருந்தன. 2008 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஒரு கம்பெனியின் கம்பியிலேயே இன்னொரு கம்பெனியின் மின்சாரத்தை வாங்க வழி வந்தது. அதிகம் பயன்படுத்துகிறவர்கள் முதலில் மாறினார்கள். பின்னால் தங்கியவர்களின் சுமை ஏறியது. கடைசியில் மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, மாறிப் போனவர்கள் மீது கூடுதல் கட்டணம் போட வேண்டியிருந்தது. அந்தக் கூடுதல் கட்டணத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம். போட்டி உண்டாக்கிய ஓட்டையை அடைக்க மும்பைக்குத் தேவைப்பட்ட அதே குறுக்கு மானியத்தைத்தான் புதிய வரைவு ஒழிக்கச் சொல்கிறது.

புயல் வந்தால் யார் வருவார்?

2018 நவம்பர் 16. கஜா. டெல்டாக்காரர் யாருக்கும் இந்தத் தேதியை நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சேலத்தில் இருந்தும் கோவையில் இருந்தும் மதுரையில் இருந்தும் மின்வாரிய ஊழியர்கள் வந்து, கிடைத்த இடத்தில் படுத்து, சேற்றில் கம்பம் நட்டார்கள். அவர்களால் வர முடிந்ததற்குக் காரணம், இது மாநிலம் முழுவதற்கும் ஒரே நிறுவனம். சேலத்து லைன்மேனுக்கு நம் ஊர் கம்பமும் அவர் கம்பம்தான்.

இதற்கு நேர் எதிர்க்கதை ஒடிசாவில் நடந்தது. 1999-ல் ஒடிசா மின் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்தது. மத்திய மண்டலத்தை எடுத்தது அமெரிக்காவின் ஏ.இ.எஸ். கம்பெனி. அதே ஆண்டு அக்டோபரில் பெரும்புயல். கம்பங்கள் மொத்தமாகப் போயின. இரண்டு ஆண்டுக்குள், 2001-ல், அந்தக் கம்பெனி விலகிப் போய்விட்டது. மீதி மூன்று மண்டலங்களை வைத்திருந்த ரிலையன்ஸின் உரிமங்களை 2015-ல் ஒழுங்குமுறை ஆணையமே ரத்து செய்தது. பிறகு டாடா வந்திருக்கிறது. இடைப்பட்ட இருபது வருடத்தில் அவதிப்பட்டது யார்?

புதிய வரைவில் கம்பி வாரியத்துடையது. அப்படியென்றால் புயலில் சாயும் கம்பமும் வாரியத்துடையது. வெயில் காலத்தில் விற்று லாபம் பார்ப்பவர் ஒருவர், மழைக் காலத்தில் சேற்றில் இறங்குபவர் இன்னொருவர்.

நம் பக்கத்து ஊரில் இருக்கும் பாடம்

'தனியார் வந்தாலே போட்டி' என்று நினைப்பவர்கள் திருக்கடையூருக்கு வந்துவிட்டு அப்படியே பிள்ளைபெருமாள்நல்லூர் வரை போய்ப் பார்க்க வேண்டும். பி.பி.என். மின் நிலையம். 330.5 மெகாவாட். நாஃப்தாவிலும் இயற்கை எரிவாயுவிலும் ஓடக்கூடியது. 1997-ல் மின்வாரியத்துடன் ஒப்பந்தம், 2001-ல் உற்பத்தி.

இது எப்படி வந்தது? 1991-ல் மின் உற்பத்தியைத் தனியாருக்குத் திறந்துவிட்டது ஒன்றிய அரசு. 1992-ல் ஒரு அறிவிக்கை: மூலதனத்துக்கு 16 சதவீத லாபம் உறுதி. அந்தக் காலத்து ஒப்பந்தங்களின் பொது அமைப்பு இப்படி: ஒன்று நிலையான கட்டணம், இன்னொன்று எரிபொருள் கட்டணம். எரிபொருள் விலை ஏறினால் அந்த ஏற்றம் வாரியத்தின் தலையில். நிலையம் தயாராக இருந்து வாரியம் வாங்காவிட்டாலும் நிலையான கட்டணம் கட்ட வேண்டும். இதே மாதிரி ஒப்பந்தத்தில்தான் மகாராஷ்டிரம் என்ரானிடம் மாட்டியது. 2001-ல் அந்த தபோல் நிலையத்தின் மின்சாரத்தை வாங்க முடியாமல் மகாராஷ்டிர மின்வாரியம் கையை உதறியது.

நம் பி.பி.என். விஷயத்திலும் பணப் பாக்கித் தகராறு வந்தது. மாநில ஒழுங்குமுறை ஆணையம், டெல்லியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கடைசியில் உச்ச நீதிமன்றம். 2014 ஏப்ரல் 4-ல் தீர்ப்பு, மின்வாரியத்துக்கு எதிராக. நம் ஊர்ப் பெயர் கொண்ட அந்த வழக்கை நாடு முழுவதும் மின்சார வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: இவ்வளவு பெரிய வழக்குகளை முடிவு செய்யும் ஆணையத்தில் நீதித்துறை அனுபவம் உள்ளவர் இருப்பது நல்லது என்று. 2018-ல் குஜராத் வழக்கில், சட்டம் தெரிந்த உறுப்பினர் ஒருவர் கட்டாயம் என்றே சொல்லிவிட்டது.

இதில் நாம் எடுக்க வேண்டிய பாடம் 'தனியார் கெட்டவன்' என்பது இல்லை. ஒரு ஒப்பந்தத்தில் ரிஸ்க் யார் தலையில் எழுதப்படுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கையெழுத்து போடும் நாளில் போட்டி, வளர்ச்சி என்று பேசுவார்கள். இருபது வருடம் கழித்து பில் நம் வீட்டுக்கு வரும்.

போட்டிக்கு நாம் எதிரியா?

இல்லவே இல்லை. போட்டி வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு: உற்பத்தி. நாலு பேர் நாலு சோலார் நிலையம் போட முடியும், குறைந்த விலை சொல்பவரிடம் வாங்க முடியும்.

உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 2015-ல் அ.தி.மு.க. ஆட்சியில் கமுதி அதானி சோலார் மின்சாரத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று ஒப்பந்தம் போட்டார்கள். அது ஏலம் இல்லாமல், ஆணையம் நிர்ணயித்த விலை. 2017-ல் தமிழ்நாட்டிலேயே ஏலம் விட்டபோது வந்த விலை 3 ரூபாய் 47 காசு. அதே வெயில், அதே பேனல். சோலார் விலையும் அந்த இடைவெளியில் விழுந்தது உண்மைதான், ஆனால் ஏலம் இல்லாத இடத்தில் அந்தச் சரிவின் பலன் மக்களுக்கு வந்து சேரவே இல்லை. இது போட்டி. இதை யார் வேண்டாம் என்றார்கள்?

டெல்லியில் 2002-ல் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்தபின் மின் இழப்பு பெரிய அளவில் குறைந்தது. அதையும் மறுக்க வேண்டாம். ஆனால் அங்கே வசூலிக்காமல் தள்ளிப்போட்ட தொகை பல்லாயிரம் கோடியாகக் குவிந்து, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைக் காலக்கெடு வைத்து வசூலிக்கச் சொல்லியிருக்கிறது. அதைக் கட்டப்போவது டெல்லி மக்கள்தான்.

"கட்டணத்தை ஏற்றியது நீங்கள்தானே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஓடி ஒளிய வேண்டாம். ஆமாம், 2022 செப்டம்பர் 10 முதல் கட்டணம் உயர்ந்தது. 2024 ஜூலையிலும் உயர்ந்தது. 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது.

ஏன் உயர்ந்தது? 2014 டிசம்பருக்குப் பிறகு எட்டு வருடம் கட்டணத்தைத் தொடாமல் கடன் வாங்கி ஓட்டினார்கள். 2011-12-ல் சுமார் 43 ஆயிரம் கோடியாக இருந்த கடன் 2021-22-ல் சுமார் 1.59 லட்சம் கோடி ஆனது. அம்மையார் ஜெயலலிதா எதிர்த்துவந்த உதய் திட்டத்தில், அவர் மறைந்த அடுத்த மாதமே, 2017 ஜனவரி 9-ல் போய்க் கையெழுத்திட்டார்கள். இன்று மாநில உரிமை பற்றி நமக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

இவ்வளவு கடனிலும் கழக அரசு விவசாயியைக் கைவிடவில்லை. சிறு விவசாயிகளுக்கு மட்டும் இருந்த இலவச மின்சாரத்தை 1989-ல் ஆட்சிக்கு வந்த கலைஞர் அரசு அனைத்து விவசாயிகளுக்கும் ஆக்கியது. 2021 செப்டம்பர் 23-ல் ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். பல ஆண்டுகள் வரிசையில் நின்ற மனுக்கள் அவை.

டெல்லியின் வாக்கை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி. 2021 டிசம்பர் 9-ல், போராடிய விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு கடிதம் கொடுத்தது: மின்சார மசோதாவை விவசாயிகளுடன் பேசிய பிறகுதான் கொண்டுவருவோம் என்று. எட்டு மாதத்தில், 2022 ஆகஸ்ட் 8-ல், மக்களவையில் மசோதாவை வைத்தார்கள். அன்று அறிமுக நிலையிலேயே எதிர்த்தவர்களில் நம் டி.ஆர். பாலு அவர்களும் ஒருவர். மசோதா நிலைக்குழுவுக்குப் போய், 2024-ல் மக்களவை கலைந்ததும் காலாவதியானது. இப்போது புதிய உருவத்தில் அதே வண்டி வந்திருக்கிறது. மின்சாரம் அரசமைப்பில் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலத்தைக் கேட்காமல் முடிவு செய்ய இது டெல்லியின் தனிச் சொத்து இல்லை.

நாம் கேட்க வேண்டியது என்ன?

வெறும் 'வேண்டாம்' என்பதோடு நிற்க வேண்டாம். நான்கு விஷயம் கேட்போம்.

1. குறுக்கு மானியத்தை எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை மாநிலங்களே முடிவு செய்ய வேண்டும். டெல்லி ஐந்தாண்டுக் கெடு வைக்கக் கூடாது.

2. புதிதாக வரும் கம்பெனி எதுவானாலும், வாரியம் வைத்திருக்கும் அதே விகிதத்தில் கிராமத்து வீடுகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும். லாட்ஜ் வேண்டும் என்றால் சின்னங்குடியும் சேர்ந்துதான் வரும்.

3. கம்பியைப் பயன்படுத்துகிறவர் எல்லாரும் புயல் சீரமைப்புச் செலவில் பங்கு கட்ட வேண்டும்.

4. இது நம் வீட்டுக்குள் கேட்க வேண்டியது. 2022-ல் கட்டண உயர்வு குறித்து மாநில ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. டெல்டாவில் ஒன்றுகூட இல்லை. கடைமடை விவசாயி தன் கருத்தைச் சொல்ல மதுரைக்கு பஸ் ஏற வேண்டுமா? அடுத்த கூட்டம் தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ நடக்க வேண்டும். கட்டண மனுவின் சுருக்கம் எளிய தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் கிடைக்க வேண்டும். நம் அரசு, நம் வாரியம் என்பதற்காக இதைக் கேட்காமல் இருக்கக் கூடாது. நம் வாரியம் என்பதால்தான் உரிமையோடு கேட்கிறோம்.

ஏனென்றால் தனியார்மயத்துக்கு ஆள் சேர்ப்பது டெல்லி மட்டும் இல்லை. மூன்று நாளாக எரிந்து கிடக்கும் டிரான்ஸ்பார்மரும், மாதக்கணக்கில் தூங்கும் மனுவும் அதற்கு ஆள் சேர்க்கின்றன. லோ வோல்டேஜில் மோட்டார் காயில் எரிந்த விவசாயியிடம் போய்க் குறுக்கு மானியம் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. வாரியம் நன்றாக ஓடினால்தான் நம் வாதம் நிற்கும்.

அதனால் கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மின்சாரப் புகார் இருந்தால் மின்னகம் எண் 94987 94987-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள், பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். தீரவில்லை என்றால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீல் வேண்டாம், ஒரு மனு போதும். குறித்த நாளுக்குள் வேலை முடியாவிட்டால் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ஆணையத்தின் விதியே இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். பத்து மீம் போடுவதைவிட அது பெரிய கட்சி வேலை.

அடுத்து இந்த வரைவு மசோதாவாக மக்களவைக்கு வரும். அன்றைக்கு நம் எம்.பி.க்கள் எழுந்து நின்று எதிர்ப்பார்கள். அதற்கு முன்னால் ஊர் ஊராக மக்களுக்கு இது புரிந்திருக்க வேண்டும். லாட்ஜ்காரரின் விளக்கும் எரியட்டும், வயல்காரரின் மோட்டாரும் ஓடட்டும். இரண்டும் ஒரே கம்பியில்தான் தொங்குகின்றன. அந்தக் கம்பி மக்களுடையதாகவே இருக்கட்டும்.

பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், மரியாதையாகப் பதில் சொல்கிறோம்.

#மின்சாரம்_மக்கள்_சொத்து
#மாநில_உரிமை
#டெல்டாவின்_குரல்